‘கடவுச்சொல் தவறு’: மன்னாரிலிருந்து ஒரு பொய்யின் வரலாறு

‘பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறானது.’ இந்த வசனத்தைக் காணாத ஆள் எங்கட வயசில இருக்க ஏலாது. கண்டவுடன நாங்கள் முதல்ல சந்தேகப்படுறது எங்களைத்தான். பெரிய எழுத்து விழுந்திட்டோ, கடைசி இலக்கத்தை விட்டிட்டமோ, போன மாசம் மாத்தினது எது, அதுக்கு முந்தினது எது. மூன்று தரம் அடித்துப் பார்க்கிறோம். பிறகு ‘மறந்துவிட்டீர்களா?’ என்று கேட்கிற இடத்தை அழுத்துகிறோம், மறக்காதவர்களும்கூட.

வீட்டு ஈமெயிலில் அந்தச் சந்தேகம் நியாயமாக இருக்கலாம். ஆனால் கந்தோர் ஈமெயிலில், ஊழியர்களின் பெயர்ப்பட்டியல் ஒரு சேவரிலும் அதன் நகல் இன்னொரு சேவரிலும் இருந்து, இரண்டும் நாள் முழுக்க ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொள்கிற இடத்தில் (‘டிரெக்டரி சின்க்’ என்பது இதைத்தான்), அந்த வசனம் அடிக்கடி பொய் சொல்லும். பாஸ்வேர்ட் சரியாக இருக்கும். பிழை வேறெங்கோ கிடக்கும். இந்தப் பொய் எப்ப தொடங்கிச்சு, ஏன் தொடங்கிச்சு என்று தேடிப் பார்த்தோம். தேடினது மன்னாரில இருந்துகொண்டு என்றபடியால் தலைமன்னார் இறங்குதுறையும் உயிலங்குளம் சோதனைச் சாவடியும் கதைக்குள்ள வந்து சேர்ந்துகொண்டன.

கொம்பியூட்டரில் பாஸ்வேர்ட் வந்தது 1960களின் தொடக்கத்தில். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரும் கூட்டாளிகளும் ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பாவிக்கிற ஒரு முறையை உருவாக்கினார்கள். சிடிஎஸ்எஸ் என்று பெயர்; 1961இல் முதன்முதலாகச் செய்து காட்டினார்கள். இயந்திரம் ஒன்று, ஆட்கள் பலர், ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பு, தனி நேர ஒதுக்கீடு. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு இரகசியச் சொல். அடுத்த வருசமே, 1962இல், அலன் ஷேர் என்ற ஆராய்ச்சி மாணவர் தனக்குத் தந்த நேரம் காணாமல், பாஸ்வேர்ட் கோப்பை முழுதாக அச்சடித்து எடுத்து மற்றவர்களின் கணக்கில் வேலை செய்தார். (இதைப் பல வருசம் கழித்து அவரே ஒப்புக்கொண்டார்.) அந்தக் காலத்து இயந்திரத்துக்கு மனிதரை ஏமாற்றத் தெரியாது. மனிதர்தான் இயந்திரத்தை ஏமாற்றினார்கள்.

இயந்திரத்துக்குப் பொய் சொல்லப் பழக்கினது யுனிக்ஸ் காலம். 1979இல் ரொபேர்ட் மொறிஸ், கென் தொம்சன் இருவரும் பாஸ்வேர்ட் பாதுகாப்புப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்றைக்கும் வாசிக்கலாம், மொழி அவ்வளவு எளிமை. அதில் ஒரு சிறு பகுதி எங்கட கதைக்கு முக்கியம். உள்ளே வரப்பார்க்கிறவன் இல்லாத பெயர் ஒன்றைத் தட்டினால், ‘அப்படி ஒரு ஆள் இல்லை’ என்று இயந்திரம் சொல்லக்கூடாது என்கிறார்கள். சொன்னால் எந்தெந்தப் பெயர் இருக்குது, எது இல்லை என்று களவாகப் பட்டியல் எடுத்துவிடலாம். ஆகவே பெயர் பிழையென்றாலும் பாஸ்வேர்ட் பிழையென்றாலும் பதில் ஒரே மாதிரி இருக்கவேணும். பதில் வர எடுக்கிற நேரம்கூட ஒரே மாதிரி இருக்கவேணும் என்று அதற்கும் வழி செய்தார்கள்: பெயர் இல்லாவிட்டாலும் பாஸ்வேர்டைச் சோதிக்கிற அதே கணக்கை இயந்திரம் சும்மா செய்து முடிக்கும், பிறகுதான் மறுக்கும்.

இது கெட்ட எண்ணத்தில் வந்த பொய் இல்லை. கள்ளனுக்குச் சொல்ல நினைத்த பொய். பிரச்சினை என்னவென்றால், கதவுக்கு வெளியே நிற்கிறது கள்ளனா வீட்டுக்காரனா என்று கதவுக்குத் தெரியாது. ஆகவே இரண்டு பேருக்கும் ஒரே பதில்.

அடுத்தது பெயர்ப்பட்டியலின் கதை. அர்ப்பாநெட் காலத்தில், 1970களில், அமெரிக்காவில் எஸ்.ஆர்.ஐ. என்ற ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் பைன்லர் என்ற பெண்ணின் தலைமையில் ஒரு குழு, வலையமைப்பில் உள்ள ஆட்களின் பெயரையும் முகவரியையும் சேர்த்து வைத்தது. யாரும் வேலை மாறினால் அவர்களுக்கு அறிவிக்கவேணும், அவர்கள் திருத்துவார்கள். ஒரே பட்டியல், பொறுப்புக்கு ஒரே குழு. பிழை என்றால் யாரிடம் கேட்பது என்று தெரியும். பிறகு வலையமைப்புப் பெருத்தது. 1988இல் உலகத் தொலைத்தொடர்பு அமைப்புகள் கூடி எக்ஸ்.500 என்று ஒரு தரநிலையை வெளியிட்டன: உலகம் முழுதுக்கும் ஒரு டிரெக்டரி, துண்டு துண்டாகப் பல சேவர்களில், ஒன்றுக்கொன்று நகல் அனுப்பிக்கொண்டு. சாதாரண மேசைக் கொம்பியூட்டருக்கு அது தாங்கமுடியாத பாரம். 1993இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரிம் ஹவ்ஸும் வேறு இருவரும் அதன் எடையைக் குறைத்து எல்டாப் என்ற முறையை எழுதி வெளியிட்டார்கள். இன்றைக்கும் கந்தோர்களில் ஓடுகிற பெரும்பாலான டிரெக்டரிகள் அந்த மொழியைப் பேசும்.

அந்த ஆண்டுகளில் மன்னார் எங்கே இருந்தது என்றும் சொல்லவேணும். இலங்கைக்கான ‘.எல்கே’ என்ற இணைய விலாசம் பதிவானது 1990இல். அதே 1990இல்தான் தலைமன்னார் ரயில் நின்றது. அதே வருசம் ஒக்டோபரில் மன்னாரின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். நிறையப் பேர் புத்தளத்தில் போய் ஒதுங்கினார்கள். ரயில் திரும்பத் தலைமன்னாருக்கு வந்தது 2015 மார்ச்சில். உலகம் பட்டியல்களை இணைக்கப் பழகின இருபத்தைந்து வருசத்தில் எங்கட ஊரில் ஆட்களும் ஆவணங்களும் பிரிந்துகொண்டே இருந்தார்கள். இது பிறகு உதவும், ஞாபகத்தில் வைத்திருங்கோ.

எல்டாப்பில் மறுப்புக்கு ஒரு இலக்கம் உண்டு: 49. ‘தந்த சான்று செல்லாது’ என்று அர்த்தம். மைக்ரோசொப்ட் 2000இல் வெளியிட்ட அக்டிவ் டிரெக்டரி இந்த 49க்குப் பின்னால் இன்னொரு சிறு குறியீட்டையும் சேர்த்து அனுப்பும். 525 என்றால் அப்படி ஆளே இல்லை. 52ஈ என்றால்தான் பாஸ்வேர்ட் உண்மையாகப் பிழை. 530, இந்த நேரத்தில் உள்ளே வர அனுமதியில்லை. 531, இந்தக் கொம்பியூட்டரிலிருந்து அனுமதியில்லை. 532, பாஸ்வேர்ட் காலாவதி. 533, கணக்கையே முடக்கி வைத்திருக்கிறார்கள். 701, கணக்கின் தவணை முடிந்தது. 773, பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வா. 775, பலதரம் தப்பாக அடித்ததால் பூட்டியாயிற்று. ஒன்பது காரணம், ஒன்றில்தான் பாஸ்வேர்டை நீங்கள் பிழையாக அடித்திருக்கிறீர்கள். ஆனால் ஈமெயில் செயலி பல நேரம் 49ஐ மட்டும் பார்த்துவிட்டு அந்தப் பழைய வசனத்தைத் திரையில் போடும். காரணம் சேவரின் பதிவேட்டில் இருக்கும், அதை வாசிக்கிற உரிமை ஐ.டி. ஆளிடம் இருக்கும், அவர் கொழும்பில் இருப்பார்.

உண்மைக் காரணம் ஒன்று, வாசலில் சொல்லப்படுகிற காரணம் இன்னொன்று. இந்தக் கரை இதை முதன்முதலாகக் கொம்பியூட்டரில் காணவில்லை. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து மலையகத் தோட்டங்களுக்குப் போன சனம் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்துதான் போனது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ரயிலும் வந்த பிறகு மண்டபம் முகாமில் தடுத்துவைத்துச் சோதித்து, பிறகு தலைமன்னாரில் இறக்கினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு முறை ஒன்று இருந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்கிற இலக்கம் குத்தின ஒரு தகரவில்லை. அந்த இலக்கத்தைப் பார்த்து ஆளை அனுப்புவார்கள், செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் விழும். ஆளின் பெயரை விட இலக்கம் முக்கியம். இன்றைக்கு ‘டோக்கன்’ என்று மென்பொருள்காரர் சொல்கிறதுக்குக் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

தோட்டத்துக்குள் போனபிறகு இன்னொன்று இருந்தது, ‘துண்டு’. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவேணுமென்றால் பழைய துரையிடமிருந்து துண்டு வாங்கிக்கொண்டு போகவேணும். அதில் அந்தத் தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதியிருக்கும். புதிய தோட்டம் அதைக் கட்டினால்தான் ஆள் விடுபடுவார். வாசலில் சொல்லப்படுகிறது ‘துண்டு இல்லை’. உண்மைக் காரணம் கடன். கொழுந்து பறிக்கிற கைக்கும் அந்தப் பதிலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. துண்டு முறையைச் சட்டப்படி ஒழித்தது 1921இல்.

திரும்பக் கொம்பியூட்டருக்கு வருவோம். டிரெக்டரியில் ஒரு மனிதரைப் பதிய இரண்டு பகுதி கட்டாயம்: முழுப்பெயர் ஒன்று, குடும்பப்பெயர் ஒன்று. எக்ஸ்.500 காலத்திலேயே எழுதின விதி, எல்டாப்பிலும் அப்படியே வந்தது. குடும்பப்பெயரை வெறுமையாக விட ஏலாது. அந்த விதியை எழுதினவர்கள் எந்த ஊர்ப் பெயர்களை மனசில் வைத்து எழுதினார்கள் என்று சொல்லத் தேவையில்லை. எங்களில் பலருக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். அல்லது முதலெழுத்து மட்டும். ஆகவே படிவத்தை நிரப்புகிற எழுதுவினைஞர் ஒருவர் தகப்பன் பெயரைக் குடும்பப்பெயர் ஆக்குவார். இன்னொருவர் கடைசியில் நிற்கிற சொந்தப் பெயரைக் குடும்பப்பெயர் ஆக்குவார். அவரவர் கந்தோரில் அவரவர் செய்தது சரி. இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று சந்திக்கிற நாளில்தான் ஒரு ஆள் இரண்டு ஆளாகிறார்.

அதோடு ஆங்கில எழுத்து. ‘த’வுக்கு வெறும் டி போடுவதா, டியோடு எச் சேர்ப்பதா? தலைமன்னாரையே இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். இடம்பெயர்ந்து ஓடினபோது பிறப்புச் சான்றிதழைத் தொலைத்து, புத்தளத்திலோ வவுனியாவிலோ இந்தியாவின் முகாமிலோ திரும்ப ஆவணம் செய்தவர்களுக்கு ஒரே குடும்பத்துக்குள்ளேயே அண்ணனுக்கு ஒரு எழுத்து, தங்கச்சிக்கு ஒரு எழுத்து. மனிதர் பார்த்தால் ஒரே பெயர் என்று விளங்கும். இரண்டு பட்டியலைப் பொருத்திப் பார்க்கிற மென்பொருளுக்கு ஒரு எச் கூடினால் அவர் வேறு ஆள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு நடந்தது இது. மன்னார் நகரில் ஒரு நிறுவனத்தின் கிளையில் வேலை, தலைமைக் கந்தோர் கொழும்பில். இரண்டின் பெயரும் இங்கே வேண்டாம். அவள் சேர்ந்த கிழமையிலேயே வேலை தொடங்கவேணும் என்று கிளையில் ஒருவர் கையால் ஒரு ஈமெயில் கணக்குத் திறந்து கொடுத்திருக்கிறார், எச் இல்லாமல். பிறகு கொழும்பில் சம்பளப் பட்டியலைப் பார்த்து டிரெக்டரியில் இன்னொரு பதிவு போட்டிருக்கிறார்கள், எச்சோடு, தகப்பன் பெயரைக் குடும்பப்பெயராக்கி. சின்க் ஓடேக்க இரண்டையும் பொருத்த முடியாமல் இரண்டையும் வைத்துக்கொண்டது. அவளுக்கு வரவேண்டிய கடிதமெல்லாம் முதல் கணக்கில். கொழும்பு அனுப்பின ‘பாஸ்வேர்டை மாற்றுக’ என்ற பக்கம் மாற்றினது இரண்டாவது கணக்கை. புதிய பாஸ்வேர்டைப் பழைய முகவரியோடு அடித்தாள். கடவுச்சொல் தவறு.

மூன்று கிழமை. தொலைபேசியில் கேட்டால் ‘எழுத்துக்கூட்டிச் சரியாக அடியுங்கோ’ என்று பதில். அவள் பாஸ்வேர்டை ஆறு தரம் மாற்றினாள், ஒரு கொப்பியில் எழுதி எழுதி வெட்டினாள். அந்த மூன்று கிழமைக்குள் ஒரு பயிற்சிக்கு விண்ணப்பிக்கிற கடைசி நாள் போய்விட்டது. அந்த அறிவித்தல் வந்ததும் அதே பூட்டின ஈமெயிலுக்குத்தான். எங்களுக்குக் கோபம் வந்தது அதற்கல்ல. கடைசியில் அவள் சொன்னாள்: “எனக்கு இங்கிலீஷ் ரைப்பிங் வராது போல.” இரண்டு பதிவையும் ஒன்றாக்கக் கொழும்பு ஐ.டி. ஆளுக்கு எடுத்தது கொஞ்ச நேரம்தான், பதிவேட்டைத் திறந்து பார்த்த அன்றைக்கு.

ஒரு ஆள், இரண்டு பட்டியல். இதன் பெரிய வடிவத்தையும் தலைமன்னார் கண்டிருக்கு. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கினது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பங்கிட்டார்கள். முதலில் தொகை தீர்மானமானது, ஆட்களைக் கேட்டது பிறகு. போனவர்கள் தலைமன்னார்க் கப்பலில் போனார்கள். 1984இல் கப்பல் நின்றபோது இந்தியப் பிரசை என்று பதிவானவர்களில் ஒரு பகுதியினர் இங்கேயே நின்றுவிட்டார்கள். இந்தியாவின் பட்டியலில் ஆள் இருக்கு, இந்தியாவில் ஆள் இல்லை. இலங்கையில் ஆள் இருக்கு, பட்டியலில் இல்லை. அவர்களுக்கும் சேர்த்து வழி செய்த சட்டம் வந்தது 2003இல். கொம்பியூட்டர் உலகத்தில் இதற்கு ‘சின்க் பிழை’ என்று பெயர் வைத்து அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் திரும்ப முயற்சி செய்வார்கள்.

இனி மணிக்கூடு. பெரிய கந்தோர்களில் பாஸ்வேர்டைச் சரிபார்க்கிறது கேர்பரோஸ் என்ற முறை, அதுவும் எம்.ஐ.டி.யில் 1980களில் பிறந்தது. பழைய அனுமதிச் சீட்டை ஒருவன் களவெடுத்துத் திரும்பக் காட்டாமல் இருக்க, சீட்டில் நேரம் குத்தியிருக்கும். உங்கட கொம்பியூட்டரின் நேரமும் சேவரின் நேரமும் வழக்கமாக 5 நிமிசத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் மறுப்பு. திரை திரும்பவும் பாஸ்வேர்ட்தான் கேட்கும், நேரத்தைப் பற்றி ஒரு சொல்லும் வராது.

இலங்கைக்கு இது சும்மா கதையில்லை. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது, 2006 ஏப்ரலில் மிச்ச அரை மணித்தியாலத்தையும் எடுத்துப் பழைய நேரத்துக்கே வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி இந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை. அதனால் சமாதானக் காலத்தில் உயிலங்குளம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மணிக்கூட்டில் அரை மணித்தியாலம் மாறும். ஒரே மாவட்டம், இரண்டு நேரம். 2006இல் கொம்பியூட்டர்களுக்கும் இதே தலையிடி. நேரவலயத்தைத் திருத்தாமல் கையால் மணிக்கூட்டை மட்டும் பின்னுக்கு எடுத்தால் திரையில் தெரிகிற நேரம் சரி, உள்ளே இயந்திரம் வைத்திருக்கிற உலக நேரத்தில் 30 நிமிசம் பிழை. கேர்பரோஸ் பொறுக்கிறது 5 நிமிசம்.

இன்னொன்று அண்மையது, உங்களில் சிலருக்கே நடந்திருக்கும். 2022 மே 30இல் கூகுள், வெறும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிற பழைய செயலிகளைத் தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்குள் விடுவதை நிறுத்தினது. அதே வருசம் ஒக்டோபரிலிருந்து மைக்ரோசொப்டும் தன் கந்தோர் ஈமெயிலில் அந்தப் பழைய முறையை மூடத் தொடங்கினது. பாதுகாப்புக்கு நல்ல முடிவு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பழைய போனிலும் பழைய அவுட்லுக்கிலும் இருந்தவர்களுக்கு ‘உங்கட செயலி பழசு’ என்று எத்தனை செயலி சொன்னது? நேற்று வரை திறந்த பாஸ்வேர்ட் இன்றைக்குத் தவறு என்றுதான் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆகவே அடுத்தமுறை கந்தோர் ஈமெயில் மறுத்தால், பாஸ்வேர்டை மாற்றுகிறதைக் கடைசிக்கு வையுங்கோ. முதலில் இணைய உலாவியில் புதிய தனிப்பட்ட ஜன்னல் ஒன்றைத் திறந்து அதே பாஸ்வேர்டை அடித்துப் பாருங்கோ. ஏற்கெனவே உள்ளே போன ஜன்னலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அங்கே திறந்தால் பாஸ்வேர்ட் சரி, பிழை செயலியில். அங்கேயும் மறுத்தால், அண்மையில் மாற்றியிருந்தீர்களா என்று யோசியுங்கோ. மைக்ரோசொப்டின் சின்க் வழக்கமாகப் பாஸ்வேர்ட் மாற்றத்தை 2 நிமிசத்துக்கு ஒருமுறையும் மற்ற விபரங்களை 30 நிமிசத்துக்கு ஒருமுறையும் கொண்டுபோகும். அதற்கு முன் அடித்தால் பழசுதான் சரி என்று நிற்கும். மேசைக்குள் கிடக்கிற பழைய போனையும் எடுத்துப் பாருங்கோ. அது பழைய பாஸ்வேர்டைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும், நீங்கள் சரியாக அடிக்கேக்க கணக்குப் பூட்டிக் கிடக்கும். மணிக்கூட்டையும் நேரவலயத்தையும் பாருங்கோ. முகவரியை எழுத்து எழுத்தாகச் சம்பளச் சிட்டையில் உள்ள பெயரோடு ஒத்துப் பாருங்கோ, எச் உட்பட.

சின்க் செய்கிற மென்பொருளுக்கும் ஒரு கணக்கு இருக்கு, அதற்கும் ஒரு பாஸ்வேர்ட் இருக்கு. அது காலாவதியானால் புதிய பாஸ்வேர்ட் ஒன்றும் மறுபக்கம் போய்ச் சேராது, கிளை முழுக்க ஒரே நாளில் எல்லாரும் ‘பிழையாக’ அடிக்கத் தொடங்குவார்கள். பக்கத்து மேசைக்காரரிடமும் கேளுங்கோ.

பிறகு கொழும்புக்கு எடுங்கோ. ‘எனக்குப் பாஸ்வேர்ட் வேலை செய்யேல்லை’ என்று தொடங்கினால் எழுத்துக்கூட்டச் சொல்லுவார்கள். என்ன நேரத்தில், எந்தக் கருவியில், எந்த முகவரியில் மறுத்தது என்பதைச் சொல்லி, அந்த நேரத்துக்கான பதிவேட்டு வரியை வாசிக்கச் சொல்லுங்கோ. 49 என்று வாசித்தால், அதுக்குப் பின்னால என்ன இலக்கம் நிக்குது என்று கேளுங்கோ.